டிராக்டருக்கு வரிசையில் நின்ற காலம்



தம்மம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மரச் சிற்பம்தான் ஞாபகத்துக்கு வரும். வாகை மரத்தில் செதுக்கிய குதிரையும் யாளியும் இங்கிருந்து எங்கெங்கோ போகின்றன. நமக்கோ இது கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே சுவேத நதிப் பக்கத்தில் இருக்கிற ஒரு விவசாய ஊர். நெல், மரவள்ளி, மஞ்சள், பாக்கு, பருத்தி என்று ஆளுக்கு ஒரு வெள்ளாமை. 2021ஆம் வருஷக் கடைசியில் இந்த ஊர் டீக்கடையில் ஒரு இளவட்டம் என்னைப் பிடித்துக்கொண்டான். "பெரியப்பா, வண்டி வாங்கப் பணம் கையில இருக்குது. டீலரு அட்வான்ஸ் கட்டுங்கறாரு. எப்ப வரும்னு கேட்டா, சாமான் பற்றாக்குறை, சொல்ல முடியாதுங்கறாரு. வரும்போது என்ன விலையோ அதுதானாம். இது என்ன நியாயம்?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே தம்பி என்றேன். இதே பேச்சை நான் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் மாட்டு வண்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆத்தூர்ப் பக்கத்து வண்டிக்கு அந்தக் காலத்தில் நல்ல பேர். வண்டி வேணுமென்றால் ஆசாரியிடம் போய் அச்சாரம் கொடுப்போம். மரத்தை அவர் தட்டிப் பார்ப்பார், நாமும் தட்டிப் பார்ப்போம். குடத்துக்கு ஒரு மரம், ஆரக்காலுக்கு ஒரு மரம் என்று கணக்கு உண்டு. பட்டைக்கு இரும்பு கிடைக்கவில்லையென்றால் ஆசாரி மறைக்கவே மாட்டார். "இரும்பு வரட்டும், அப்புறம் வாங்க" என்பார். எது குறைகிறது என்று வாங்குகிறவன் கண்ணால் பார்க்கலாம். யந்திரம் வந்த பிறகு அது போயிற்று. எந்தச் சாமான் எந்த தேசத்தில் நின்றுபோயிருக்கிறது என்பது விற்கிறவருக்கே பாதி தெரியாது.

இரண்டாவது உலக யுத்தத்தில் நம் ஜனங்கள் இதை முதல் தடவையாக அனுபவித்தார்கள். 1942இல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரப்பர் முடங்கியது. டயருக்குப் பர்மிட், பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்களின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அந்தக் கரிப் புகையில் ஓட்டினார்கள். மேட்டில் ஏறாமல் நின்றால் ஜனங்கள் இறங்கித் தள்ளணும். அதே யுத்தத்தில் மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசியும் நின்றுபோகவே, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நம் கிழங்கு லோடு லோடாக ஆலைக்குப் போகிறதே, அதற்கு வித்து அந்தப் பஞ்சம்தான். பற்றாக்குறை சில சமயம் நமக்கு ஒரு தொழிலையே கொடுத்துவிட்டுப் போகும். ஆனால் டிராக்டர் விஷயத்தில் அதற்கு ரொம்ப நாள் பிடித்தது.

சுதந்திரம் வந்த புதிதில் மத்திய சர்க்கார் ஒரு டிராக்டர் ஸ்தாபனம் வைத்து, யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் விட்டுப்போன யந்திரங்களைக் கொண்டு வடக்கே தரிசு நிலங்களை உழுதது. அங்கே கான்ஸ் என்று ஒரு புல், ஆழமாக வேர் விட்டு நிலத்தையே விழுங்கிவிடும். அதை ஒழிக்க டிராக்டர் வாங்குவதற்கு 1949இல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. ரயில்வேக்குக் கொடுத்ததற்கு அடுத்தபடியாக நம் நாடு அந்த வங்கியில் வாங்கிய கடன் இதுதான். அப்போதெல்லாம் டிராக்டர் என்றால் சர்க்கார் சாமான், இல்லாவிட்டால் பெரிய ஜமீன்தார் சாமான்.

நம் நாட்டிலேயே டிராக்டர் செய்ய ஆரம்பித்தது 1959இல். பரிதாபாத்தில் ஜெர்மன்காரர் கூட்டோடு ஐஷர் வந்தது. மறு வருஷம் நம் சென்னையில் டாபே கம்பெனி தொடங்கி, செம்பியத்தில் மாசி பெர்குசன் டிராக்டர் செய்தார்கள். பம்பாயில் இன்டர்நேஷனல், பரோடாவில் ஹிந்துஸ்தான், மறுபடி பரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ். பெயர்களைக் கேட்டால் ஏதோ நிறையச் செய்த மாதிரி தோன்றும். 1961-62இல் நாடு முழுக்கச் செய்தது 880 டிராக்டர்தான்! இமயமலையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் 880. பாக்கிக்கு வெளிநாட்டைத்தான் நம்பணும்.

ஏன் அதிகமாகச் செய்யவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு கட்டு இருந்தது. ஒன்று, எத்தனை செய்யலாம் என்பதற்கே டில்லியில் லைசென்ஸ் வாங்கணும். இன்னொன்றுதான் பெரிய கட்டு. டிராக்டரின் முக்கியமான உறுப்புகள் ஆரம்பத்தில் இங்கே வார்க்கப்படவில்லை. கியர், ஹைட்ராலிக் பம்பு, இன்ஜெக்ஷன் பம்பு, நல்ல பேரிங் எல்லாம் கப்பலில் வரணும். அவற்றை வாங்க அந்நியச் செலாவணி வேணும். அது சர்க்கார் கையில் சொட்டுச் சொட்டாகத்தான் இருந்தது. 1962இல் சீனாவோடு சண்டை, 1965இல் பாகிஸ்தானோடு சண்டை, நடுவில் மழை பொய்த்து, வெளியிலிருந்து கோதுமை வாங்க வேண்டிய நிலைமை. கோதுமைக்குக் கப்பலா, பேரிங்குக்குக் கப்பலா என்றால் யார் என்ன சொல்லுவார்கள்?

அந்த நெருக்கடியில் 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதுவரை ஒரு டாலர் 4 ரூபாய் 76 பைசா. அன்றைக்கு 7 ரூபாய் 50 பைசா ஆயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் 100 ரூபாய் அடக்கத்தில் வந்த வெளிநாட்டுச் சாமான் மறுநாள் 157 ரூபாய்க்கு மேல். கடைக்காரர் பேராசைக்காரர் என்று நம்மாட்கள் திட்டினார்கள். சில பேர் விஷயத்தில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எல்லா உயர்வும் கடைக்காரர் பையில் போகவில்லை.

டாலர் இல்லாமல் டிராக்டர் வாங்க ஒரு வழி இருந்தது. சோவியத் ரஷ்யா, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து, ருமேனியா ஆகிய தேசங்களோடு நாம் ரூபாயிலேயே வியாபாரம் செய்தோம். நாம் அவர்களுக்குத் தேயிலை, சணல், தோல் அனுப்புவோம். அவர்கள் யந்திரம் அனுப்புவார்கள். அப்படித்தான் ஜீட்டர், உர்சஸ், பைலாரஸ் எல்லாம் நம் வயல்களில் இறங்கின. நம் மாநிலத்தில் 1966இல் ஏற்பட்ட விவசாயத் தொழில்கள் கார்ப்பரேஷன் போன்ற ஸ்தாபனங்கள் வழியாகப் பங்கீடு நடந்தது. 1970-71இல் பதிமூவாயிரத்துக்கு மேல் இறக்குமதி.

யந்திரம் உறுதியானதுதான், அதில் சந்தேகமில்லை. தொல்லை ஸ்பேரில் வந்தது. ஐந்தாறு தேசத்து யந்திரம், ஒன்றின் நட்டு ஒன்றுக்குச் சேராது. யந்திரத்துக்கு ஒப்பந்தம் போட்ட கையோடு, அது பத்து வருஷம் ஓடத் தேவையான ஸ்பேருக்கும் போதுமான ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டாமா? யந்திரம் வந்ததுதான் கணக்கில் ஏறியது, அது எத்தனை நாள் ஓடியது என்பது யார் கணக்கிலும் ஏறவில்லை. இது என் அபிப்பிராயம். கடைசியில் கைகொடுத்தது நம் லேத் பட்டறைக்காரர்கள். தேய்ந்துபோன புஷ்ஷைக் கையில் கொடுத்தால் அளவெடுத்து, அதே மாதிரி கடைந்து கொடுப்பார்கள். ஆனால் எல்லாவற்றையும் கடைய முடியாது. இன்ஜெக்டர் நாசிலைப் பட்டறையில் செய்ய முடியுமா? முடியாது. ஒரு வண்டியைப் பிரித்து இன்னொரு வண்டிக்குப் போடுவதும் நடந்தது. இரண்டு ஓடாத டிராக்டரிலிருந்து ஒரு ஓடுகிற டிராக்டர்.

இந்தச் சமயத்தில்தான் டிராக்டர் ஆசை எல்லாரையும் பிடித்தது. ஐ.ஆர். 8 வந்தது. ஆடுதுறை 27 வந்தது. வானொலி மூலமாகப் பரவியதால் தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள் என்பது உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு போகத்துக்கு நடுவே நாள் குறைவு, சீக்கிரம் உழுதாகணும். 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அதுவரை விவசாயியை வாசலிலேயே நிறுத்திய வங்கிகள் டிராக்டருக்குக் கடன் என்று பேச ஆரம்பித்தன. நில அடமான வங்கியும் கொடுத்தது. வாங்கப் பணம் வந்துவிட்டது, வாங்கச் சாமான் இல்லை. அப்புறம் என்ன நடக்கும்?

கள்ளச் சந்தைதான் நடக்கும். சர்க்கார் 1967இல் டிராக்டருக்கு விலைக் கட்டுப்பாடு போட்டது. 1971இல் விநியோகத்துக்கும் ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. டீலர் ரிஜிஸ்டர் வைக்கணும், பதிவு செய்த வரிசைப்படி கொடுக்கணும். காருக்கும் ஸ்கூட்டருக்கும் 1959, 1960லேயே இப்படி உத்தரவுகள் வந்திருந்தன. வாங்கிய வண்டியை இரண்டு வருஷத்துக்குள் விற்கக் கூடாது என்றுகூட விதி. ஏனென்றால் புது வண்டியின் விலையைவிட ஒரு வாரம் ஓடிய வண்டியின் விலை அதிகம்! புதுசுக்கு சர்க்கார் விலை, பழசுக்குச் சந்தை விலை.

இதில் ஒரு நல்ல ஏற்பாட்டையும் சொல்லணும். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்கிறவர் முன்பணத்தை டீலர் கையில் கொடுப்பதில்லை. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டு, அந்தப் பாஸ் புஸ்தகத்தை டீலர் பெயருக்கு ஈடு வைப்பார். ஒரு காலத்தில் அந்தத் தொகை 250 ரூபாய். பணம் நம் பெயரில், வட்டி நமக்கு. வரிசை பல வருஷம் நீண்டாலும் நம் காசில் இன்னொருவர் வியாபாரம் செய்யவில்லை. வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்து அந்நியச் செலாவணியில் கட்டினால் வரிசையைத் தாண்டிச் சீக்கிரம் கிடைக்கும் என்றும் ஒரு வழி இருந்தது. அந்த யோகம் எத்தனை விவசாயிக்கு உண்டு!

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அப்பா 1970இல் டிராக்டருக்குப் பதிந்தார். எங்கே, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ரசீதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். அதே மாதத்தில் பதிந்த எங்கள் பங்காளி ஒருவர், யந்திரம்தான் வரப்போகிறதே என்று உழவு மாட்டை விற்றுவிட்டார். தீனிச் செலவு மிச்சம் என்று கணக்கு. அப்பாவுக்கும் அந்த யோசனை வந்தது. அம்மாதான் ஒற்றைக் காலில் நின்றாள். "வண்டி வாசல்ல வந்து நிக்கட்டும், அப்புறம் மாட்டோட கயித்த அவுக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். மூன்று வருஷம் ஆயிற்று நம்பர் வர. அந்த மூன்று வருஷமும் பங்காளி கூலி ஏருக்கு ஊரெல்லாம் அலைந்தார். மழை பெய்த மறுநாள் கூலி ஏர் யாருக்குக் கிடைக்கும்? எல்லாரும் தன் காட்டை உழுத பிறகுதான் அவருக்கு வரும். ஒரு வருஷம் ஆடிப் பட்டமே தவறிப்போயிற்று.

1973இல் எங்களுக்குக் கடிதம் வந்தது. அப்பா போனார், நானும் கூடப் போனேன். அங்கே டீலர், டிராக்டரோடு கல்டிவேட்டரும் டிரெய்லரும் சேர்த்துத்தான் எடுக்கணும் என்றார். விலை சர்க்கார் விலை, அதில் பேரம் கிடையாது. ஆகவே லாபத்தை இப்படித் தேடுகிறார்கள். அப்பா சண்டை போடவில்லை. ஒரு சோடா வாங்கிக் குடித்தார். "கல்டிவேட்டர் வேணும், எடுத்துக்கறேன். டிரெய்லரு எங்க ஊருப் பட்டறையிலயே கட்டிக்குவேன், அது வேண்டாம். அந்தக் காசுக்கு ஸ்பேரு குடுங்க" என்று ஆரம்பித்தார். ஆயில் பில்டர் நாலு, பேன் பெல்ட் இரண்டு, நாசில் ஒரு செட், கிளட்ச் பிளேட் ஒன்று. மத்தியானம் வரைக்கும் பேச்சு. பில்டரும் பெல்ட்டும் வந்தன. நாசில் அரை செட் வந்தது. கிளட்ச் பிளேட் மட்டும் இல்லவே இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். இரண்டாவது வருஷம் நடவுக்கு முன்னால் சேற்று உழவில் கிளட்ச் போயிற்று. சேலத்தில் இல்லை, திருச்சியில் இல்லை. கோயம்புத்தூருக்கு ஆள் அனுப்பி, பத்தொன்பது நாள் கழித்துக் கிடைத்தது. அந்தப் பத்தொன்பது நாளும் கொட்டகையில் நின்றது யந்திரம், வயலில் இறங்கியது அம்மா விற்க விடாத மாடு. இதற்கு நடுவே வங்கித் தவணை நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடியது.

வரிசை எப்படித்தான் தீர்ந்தது? 1968இல் டிராக்டர் தொழிலுக்கு லைசென்ஸ் கட்டாயம் வேண்டாம் என்று சர்க்கார் விலக்கிவிட்டது. புதுப்புதுக் கம்பெனிகள் இறங்கின. 1971இல் எச்.எம்.டி., 1974இல் பஞ்சாபிலிருந்து ஸ்வராஜ். ஸ்வராஜ் நம் நாட்டு என்ஜினீயர்களே துர்காபூரில் ஆராய்ச்சி செய்து வரைந்த யந்திரம், வெளிநாட்டுக் கூட்டு இல்லை. 1970-71லேயே உற்பத்தி இருபதாயிரத்தைத் தொட்டுவிட்டது. பேரிங்கும் பம்பும் இங்கேயே செய்யும் சிறு பெரு கம்பெனிகள் வளர்ந்தன. நடுவில் 1973 கடைசியில் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்க, டீசல் விலை ஏறி, வாங்குகிற வேகமும் தணிந்தது. 1970களின் நடுவில் விலைக் கட்டுப்பாடும் போயிற்று, பெருவாரி இறக்குமதியும் நின்றது. எங்கள் அப்பாவைப் பத்து நிமிஷம் வெளியே நிற்க வைத்த அதே கடையிலிருந்து, பிற்பாடு ஆள் வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "ஐயா, புது மாடல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க" என்று கெஞ்சியதை நான் பார்த்தேன். இன்றைக்கு உலகத்தில் வருஷத்துக்கு அதிக டிராக்டர் விற்கிற நாடு நம் நாடு. எட்டு லட்சம், ஒன்பது லட்சம் என்று போயிருக்கிறது.

பஞ்சம் மறுபடி வந்தது 2021இல். இந்தத் தடவை பேரிங் இல்லை, சிப் என்கிற நகக் கண் அளவு மின்னணுச் சில்லு. கொரோனாவில் கார்க் கம்பெனிகள் ஆர்டரை நிறுத்தின, சில்லு செய்கிறவர்கள் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் திருப்பிவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாசில் பனிப்புயல், மார்ச்சில் ஜப்பானில் ஒரு பெரிய சில்லுத் தொழிற்சாலையில் தீ. அந்த செப்டம்பரில் மாருதி கம்பெனி வழக்கமான உற்பத்தியில் நாற்பது சதம்தான் செய்ய முடியும் என்று அறிவித்தது. அடுத்த வருஷம் ஜப்பானில் டொயோட்டா, சில கார்களுக்கு இரண்டு எலெக்ட்ரானிக் சாவிக்குப் பதில் ஒன்றுதான் கொடுத்து, இன்னொன்று சாதாரணச் சாவி என்றது. நம் டிராக்டரில் சில்லு குறைவு, ஆகவே அடி குறைவு. ஆனால் 2023 ஜனவரியிலிருந்து 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டருக்குப் புதுப் புகை விதி வந்து, என்ஜினிலேயே எலெக்ட்ரானிக்ஸ் ஏறிவிட்டது. இனி அந்த ஆறுதலும் முழுசாகக் கிடையாது.

அந்த 2021 அக்டோபரில் மகிந்திராவின் ஒரு புதுக் காருக்கு 57 நிமிஷத்தில் 25,000 பேர் பதிந்தார்கள். அறிமுக விலை முதல் 25,000 பேருக்குத்தான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதற்கடுத்தவருக்கு வேறு விலை. அது ஒளிவில்லாத ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். பல இடத்தில் இந்த அளவுக்குக்கூட எழுத்தில் இருப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

டீக்கடைத் தம்பிக்கு வருகிறேன். அவன் வாங்க நினைத்தது கிழங்கும் காய்கறியும் ஏற்ற ஒரு சிறு லோடு வண்டி. நான் அவனிடம் கேட்டேன்: ரசீதில் என்ன எழுதியிருக்கிறது? மாடல், கலர், கட்டிய தொகை, அவ்வளவுதான். வேண்டாம் என்றால் எத்தனை நாளில் முழுப் பணமும் திரும்பும் என்று இல்லை. பதிவு வரிசையில் எத்தனையாவது நம்பர் என்று இல்லை. போய் அதைக் கேள் என்றேன். விலை குறையாது தம்பி, பஞ்ச காலத்தில் விலையைப் பிடித்து இழுத்தால் கயிறுதான் அறும். விலையை விட்டுவிட்டு மற்றதைக் கேள். முன்பணத்தைச் சின்னதாக்கு. இன்சூரன்சை அவர்கள் கைகாட்டும் இடத்திலேயே எடுக்கணும் என்று கட்டாயமில்லை, வெளியில் விசாரி. வேண்டாத சீட் கவரையும் ஸ்டிக்கரையும் தள்ளு, அதற்குப் பதிலாக இரண்டு சர்வீசுக்கான பில்டரும் பெல்ட்டும் வாங்கு. வங்கிக் கடனை இப்போதே எடுத்துவிடாதே, வண்டி யார்டுக்கு வந்து சேசிஸ் நம்பர் உன் பெயருக்கு ஒதுக்கின பிறகு பணத்தை விடச் சொல்.

"அதெல்லாம் ஒத்துக்குவாங்களா பெரியப்பா?" என்றான்.

"கேளு. நாலுல ரெண்டு ஒத்துக்குவாங்க" என்றேன்.

போனான். முன்பணம் பாதியாயிற்று. வேண்டாமென்றால் பதினைந்து நாளில் திருப்பித் தருவதாக ரசீதின் பின்பக்கம் எழுதி சீல் வைத்துக் கொடுத்தார்கள். வரும்போது உள்ள விலைதான் என்பதை மட்டும் அசைக்க முடியவில்லை. பில்டர் கிடைத்தது, பெல்ட் கிடைக்கவில்லை. ஐந்து மாசம் கழித்து வண்டி வந்தது, சொன்னதைவிட விலை கொஞ்சம் கூட. அதுவரைக்கும் அவன் பழைய வண்டியை விற்காமல் வைத்திருந்தான். எங்கள் அம்மா மாட்டுக் கதையை நான் அவனுக்கு அன்றைக்குச் சொல்லவில்லை. அவன் வீட்டிலும் யாரோ ஒருத்தர் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார்கள்.